உள்பக்கம் திரும்பியிருந்த இரண்டு எழுத்து: ஃபயர்ஸ்டோன் டயர் விவகாரமும் பக்கச்சுவர் குறியீடுகளும்

2000 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்ஜ்ஸ்டோன்/ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அந்த வகைகளில் மொத்தம் செய்து விற்றது 1 கோடியே 44 லட்சம். இன்னும் சாலையில் ஓடிக்கொண்டிருப்பவை 65 லட்சம் என்பது கணிப்பு. பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்புளோரர் என்ற எஸ்.யு.வி.யில் இருந்தன. அதிவேக நெடுஞ்சாலையில் ஓடும்போதே டயரின் ட்ரெட், அதாவது தரையைத் தொடும் ரப்பர்ப் பகுதி, உரிந்து போவதும், வண்டி கட்டுப்பாடு இழந்து உருள்வதும் ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது. பிற்பாடு அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு வந்த புகார்களை எண்ணியபோது, இந்த டயர்களோடு தொடர்புபட்ட சாவுகள் மட்டும் 271.

இந்த விவகாரத்தைப் பற்றி வழக்கு, நட்ட ஈடு, இரு நிறுவனங்களின் சண்டை என்று நிறைய எழுதியாகிவிட்டது. அந்த டயர்களின் பக்கச்சுவரில் என்ன எழுதியிருந்தது என்ற கோணத்தில் இதைப் பார்ப்பவர்கள் குறைவு. எந்த டயர் ஆபத்தானது, யார் செய்தது, எப்போது செய்தது, எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கெல்லாம் பதில் அந்தக் கறுப்பு ரப்பரிலேயே அச்சாகியிருந்தது. ஒரே ஒரு முக்கியமான எண் மட்டும் அங்கே இல்லை. விவகாரத்தின் பாதி அந்த எண்ணைச் சுற்றித்தான்.

எந்த டயர் என்று எப்படிச் சொல்வது?

அறிவிப்பில் மூன்று வகைகள் இருந்தன. ஏ.டி.எக்ஸ்., ஏ.டி.எக்ஸ். II ஆகிய இரண்டும் பி235/75ஆர்15 அளவில் இருந்தால் போதும், எந்த ஆலையில் செய்ததாக இருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம். வில்டர்னெஸ் ஏ.டி. என்ற மூன்றாவது வகைக்கு மட்டும் ஒரு நிபந்தனை: அதே அளவாக இருக்க வேண்டும், இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் ஆலையில் செய்ததாகவும் இருக்க வேண்டும்.

டிகேட்டர் என்ற ஊர்ப்பெயர் டயரில் எங்கும் கிடையாது. டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சுருக்கம்) என்ற மூன்று எழுத்துக்குப் பின்னால் வரும் தொடரின் முதல் இரண்டு எழுத்துதான் ஆலையின் அடையாளம். அது 'விடி' (VD) என்றிருந்தால் டிகேட்டர். அதற்கடுத்த இரண்டு எழுத்து டயரின் அளவுக்கான குறியீடு. அதன்பின் நிறுவனம் தன் வசதிக்கு வைத்துக்கொள்ளும் மூன்று நான்கு எழுத்து. கடைசியில் தேதி.

சிக்கல் என்னவென்றால், இந்தத் தொடரை டயரின் ஒரு பக்கத்தில் அச்சிட்டால் போதும் என்பதுதான் அப்போதைய விதி. எந்தப் பக்கம் என்று விதி சொல்லவில்லை. எக்ஸ்புளோரர் மாதிரியான வண்டிகளில் வெள்ளை எழுத்தில் பெயர் தெரியும் பக்கத்தை வெளியே வைத்து மாட்டுவதுதான் அழகு, டி.ஓ.டி. தொடர் மறுபக்கம், அதாவது வண்டியின் அடிப்பக்கம் பார்த்தபடி இருக்கும். ஆக, தன் குடும்பம் போகும் வண்டியில் இருப்பது ஆபத்தான டயரா என்று தெரிந்துகொள்ள வேண்டியவர், தரையில் மல்லாக்கப் படுத்து, டார்ச் அடித்து, சேறு துடைத்து, இரண்டு எழுத்தைத் தேட வேண்டியிருந்தது. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக, ஸ்டெப்னிக்கும் சேர்த்து. நான்கும் ஒரே ஆலையிலிருந்து வந்திருக்கும் என்று நிச்சயம் கிடையாது.

டயர் கிடைப்பதற்கே தட்டுப்பாடு. அதனால் வெயில் கடுமையான அரிசோனா, கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, டெக்சஸ் ஆகிய நான்கு மாநிலங்களுக்கு முதலில், மற்றவற்றுக்குப் பிறகு என்று வரிசை போட்டார்கள். டயர் எங்கே அதிகமாக உரிகிறது என்பதை இந்த வரிசையே காட்டிக்கொடுக்கிறது. அறிவிப்புக்கு ஓராண்டு முன்பே, 1999-இல், சவுதி அரேபியா உள்ளிட்ட வளைகுடா நாடுகளில் ஃபோர்டு சத்தமில்லாமல் இந்த டயர்களை மாற்றிக்கொடுத்திருந்தது. அமெரிக்க அரசுக்கு அதைத் தெரிவிக்க வேண்டும் என்று அப்போது சட்டம் இல்லை, ஆகவே தெரிவிக்கவும் இல்லை.

முதலில் கவனித்தவர்

இந்த டயர்களில் ஏதோ தப்பு இருக்கிறது என்று அமெரிக்க அரசுக்கு முதலில் தகவல் அனுப்பியவர்களில் ஒருவர் டயர் பொறியாளர் அல்ல. ஸ்டேட் ஃபார்ம் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் சாம் பாய்டன். 1998 ஜூலையில் அவர் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: ட்ரெட் உரிந்த 21 சம்பவங்கள், எல்லாம் ஃபயர்ஸ்டோன் ஏ.டி.எக்ஸ்., எல்லாம் பி235/75ஆர்15. அவர் கையில் ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை. இழப்பீட்டுக் கோப்புகளில் டயரின் பெயரும் அளவும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே வந்ததைப் பார்த்தார், அவ்வளவுதான். அந்த மின்னஞ்சலை அரசு கண்டுகொள்ளவில்லை. 2000 பிப்ரவரியில் ஹூஸ்டன் நகரின் கே.எச்.ஓ.யு. தொலைக்காட்சி இதைச் செய்தியாக்கி, புகார்கள் குவிந்து, மே மாதம்தான் முறைப்படி விசாரணை தொடங்கியது.

பி235/75ஆர்15

அந்த அளவு எண்ணைப் பிரித்துப் படித்தாலே சில விஷயம் தெரியும். 235 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது; கணக்குப் போட்டால் சுமார் 176 மி.மீ. இன்றைய கார்களின் 55, 60 டயர்களோடு ஒப்பிட்டால் நல்ல உயரம். உயரமான பக்கச்சுவர் நன்றாக வளைந்துகொடுக்கும், பள்ளம் மேடு தெரியாது. ஆனால் காற்று குறைந்தால் அதே வளைவு கூடுதலாகும். ஆர் என்றால் ரேடியல். 15 ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

முன்னால் நிற்கும் பி என்ற எழுத்தைத்தான் நம்மில் பலர் தாண்டிப் போய்விடுவோம். பயணிகள் காருக்கான டயர் என்பதன் அடையாளம் அது. எக்ஸ்புளோரரோ ரேஞ்சர் பிக்கப்பின் சட்டகத்திலிருந்து வளர்ந்த வண்டி, சட்டப்படி லைட் டிரக் வகை. கார் டயரை அந்த மாதிரி வண்டியில் போடுவது தப்பில்லை; ஆனால் அதன் சுமைத் திறனை 1.1-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. இந்த அளவு டயர்களில் பெரும்பாலும் 105எஸ் என்று பின்னால் இருக்கும். சுமை அட்டவணையில் 105-க்கு 925 கிலோ, 1.1-ஆல் வகுத்தால் சுமார் 840. ஒரு டயருக்கு 85 கிலோ, நான்குக்கும் சேர்த்து 340 கிலோ, காகிதத்திலேயே குறைந்துவிடுகிறது. எஸ் என்பது வேகக் குறியீடு, மணிக்கு 180 கி.மீ.

180 என்று பார்த்ததும் நிம்மதியாக இருக்கும். அதே பக்கச்சுவரில் கொஞ்சம் தள்ளி, சின்ன எழுத்தில், டெம்பரேச்சர் என்று போட்டு ஓர் எழுத்து இருக்கும். அமெரிக்கத் தரப்படுத்தல் முறையில் டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கி வெளியேற்றும் என்பதற்கான மதிப்பெண். ஏ என்றால் ஆய்வுக்கூடச் சக்கரத்தில் மணிக்கு 115 மைலுக்கு மேல் தாங்கியது. பி என்றால் 100 முதல் 115. சி என்றால் 85 முதல் 100 மைல், அதாவது சுமார் 137 முதல் 161 கி.மீ. சட்டம் கேட்கும் கீழ்வரம்பு சி. அதற்குக் கீழே விற்கவே முடியாது. எக்ஸ்புளோரரில் வந்த ஃபயர்ஸ்டோன் டயர்களுக்கு இருந்தது சி. டெக்சஸில் ஆகஸ்ட் வெயிலில், ஆள் நிறைய ஏற்றி, மேலே சாமான் கட்டி, மணிக்கு 75 மைலில் மணிக்கணக்கில் ஓடப்போகும் வண்டிக்கு அந்த எழுத்து போதுமா என்று அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் கேட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான். வாங்குபவர் எஸ்-ஐப் பார்ப்பார், சி-ஐப் பார்க்க மாட்டார் என்பது விற்பவர்களுக்குத் தெரியும்.

அதே வரிசையில் ட்ரெட்வேர் என்று ஓர் எண்ணும் இருக்கும். தேய்மானத்துக்கான ஒப்பீட்டு எண். டெக்சஸில் சான் ஆஞ்சலோ பக்கம் ஒரு சாலைச் சுற்றில் ஓட்டி எடுப்பது. இந்த விவகாரத்துக்கு அதனால் பயன் இல்லை. இந்த டயர்கள் தேய்ந்து போகவில்லை. நம் டயர் கடைகளில் பட்டன் என்பார்களே, அது நிறைய மிச்சம் இருக்கும்போதே தோலோடு கழன்று போயின.

உள்ளே நடந்தது

ரேடியல் டயரின் ட்ரெட்டுக்கு அடியில் இரண்டு ஸ்டீல் பெல்ட் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். நடுவே ரப்பர்தான் பிணைப்பு. டயர் உருளும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் பெல்ட்டின் ஓரம் கொஞ்சம் நெளிந்து மீளும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் கையைச் சுடுமே, அந்த மாதிரி பெல்ட்டின் ஓரத்தில்தான் சூடு சேரும். விரிசல் அங்கே தொடங்கி இரண்டு பெல்ட்டுக்கும் நடுவே ஊர்ந்து போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் மேல் பெல்ட்டும் ட்ரெட்டும் சேர்ந்து கழன்றுவிடும், கீழ் பெல்ட்டும் காற்றும் டயரிலேயே இருக்கும்போதே. பின்சக்கரத்தில் அது நடந்தால் வண்டியின் பின்பக்கம் சறுக்கும். ஓட்டுநர் பதறி ஸ்டியரிங்கைத் திருப்பினால் உயரமான வண்டி புரளும்.

ஃபயர்ஸ்டோன் தன் செலவில் அமர்த்திய நிபுணர், பெர்க்லியின் பொறியியல் பேராசிரியர் சஞ்சய் கோவிந்த்ஜி, 2001 தொடக்கத்தில் தந்த அறிக்கையில் ஒற்றைக் காரணம் சொல்லவில்லை. சுமை, காற்றழுத்தம், வேகம், வெப்பநிலை, ட்ரெட்டின் தோள்பகுதி வடிவம், டிகேட்டரில் ரப்பர் தயாரித்த முறை எல்லாம் சேர்ந்தது என்றார். பாதுகாப்பு நிர்வாகம் 2001 அக்டோபரில் இன்னொன்றைச் சேர்த்தது: இரு பெல்ட்களின் ஓரங்களுக்கு நடுவே வைக்கும் மெல்லிய ரப்பர் பட்டை, பெல்ட் வெட்ஜ், போதாமல் இருந்தது. 1998 மே மாதம் ஃபயர்ஸ்டோன் அதை மாற்றியது. ஆகவே அதற்கு முன் ஃபோர்டுக்காகச் செய்த வில்டர்னெஸ் ஏ.டி. டயர்கள், டிகேட்டர் தவிர வட கரோலினாவின் வில்சன், கனடாவின் ஜோலியெட் ஆலைகளில் செய்தவையும், குறையுள்ளவை என்று மேலும் 35 லட்சம் டயர்கள் பட்டியலில் சேர்ந்தன. முதல் அறிவிப்பில் விடி இல்லையென்று நிம்மதியடைந்தவர் இப்போது மறுபடி கீழே படுக்க வேண்டும். இந்த முறை தொடரின் கடைசியைப் பார்க்க.

தேதி சொன்ன கதை

2000-க்கு முன் தேதிக்கு மூன்று இலக்கம்தான். முதல் இரண்டும் ஆண்டின் எத்தனையாவது வாரம், மூன்றாவது ஆண்டின் கடைசி எண். 485 என்றால் 48-ஆவது வாரம், ஆண்டு 5-இல் முடிவது. 1995-ஆ, 1985-ஆ என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 2000-இலிருந்து நான்கு இலக்கமானது: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். நம் ஊரில் டயர் வாங்கும்போது பார்க்க வேண்டியதும் இதே நான்கு இலக்கம்தான்.

டிகேட்டர் ஆலையில் 1994 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. நிர்வாகம் வெளியாட்களை வைத்து உற்பத்தியை நடத்தியது. வேலைநிறுத்தக்காரர்கள் திரும்பிய பிறகும் ஒப்பந்தம் கையெழுத்தாக 1996 இறுதி ஆகிவிட்டது. பிரின்ஸ்டன் பொருளியலாளர்கள் ஆலன் க்ரூகரும் அலெக்ஸாண்டர் மாஸும் பழுதான டயர்களை ஆலைவாரியாக, உற்பத்திக் காலவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். எதிர்பார்க்கக்கூடிய விடை: கற்றுக்குட்டி வெளியாட்கள் செய்த டயர்கள்தான் மோசம். வந்த விடை வேறு. 1994-இன் முற்பாதியில், நிர்வாகம் சம்பளச் சலுகைகளை விட்டுக்கொடுக்கச் சொல்லி நெருக்கிய மாதங்களிலும், பிறகு 1995 இறுதி, 1996 தொடக்கத்தில் திரும்பி வந்த தொழிலாளர்களும் வெளியாட்களும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த மாதங்களிலும் செய்த டயர்கள்தான் அதிகம் பழுதாயின. ரப்பரில் பதிந்த வார எண் மட்டும் இல்லாவிட்டால், ஒரு ஆலைக்குள் நடந்த மனக்கசப்பையும் நெடுஞ்சாலையில் நடந்த விபத்தையும் யாராலும் இணைத்திருக்க முடியாது. இந்த விவகாரம் முழுக்க எனக்கு மிகவும் வியப்பளித்த பகுதி இது.

பக்கச்சுவரே பொய் சொன்னால்?

பக்கச்சுவரில் இன்னொரு வரி இருக்கும், சின்ன எழுத்தில்: ட்ரெட்டில் எத்தனை அடுக்கு, என்னென்ன பொருள் என்பது. இரண்டு பாலியெஸ்டர், இரண்டு ஸ்டீல் என்று போட்டிருக்கும். அதோடு ஒரு நைலான் என்றும் இருந்தால், பெல்ட்டுக்கு மேலே ஒரு நைலான் உறை சுற்றியிருக்கிறது என்று பொருள். வேகத்தில் பெல்ட் ஓரம் மேலெழும்பாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. இந்த உறை போட்டிருந்தால் இத்தனை டயர் உரிந்திருக்காது என்பது வழக்குப் போட்டவர்களின் வாதங்களில் ஒன்று.

வெனிசுலாவில் இதில் ஒரு விபரீதம். வெப்பத்தாலும் சாலையாலும் அங்கே விபத்துகள் கூடியபோது, அங்கு செய்யும் டயர்களில் நைலான் அடுக்கு சேர்க்கச் சொல்லி ஃபோர்டு கேட்டது. நைலான் இருப்பதாகப் பக்கச்சுவரில் அச்சிட்டிருந்த சில டயர்களை அறுத்துப் பார்த்தால் உள்ளே நைலான் இல்லை என்று அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு குற்றஞ்சாட்டியது. பக்கச்சுவரில் உள்ள அளவு எண்களை ஒரு டேப்பை வைத்து ஓரளவு சரிபார்க்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்ற வரியைச் சரிபார்க்க டயரை அறுத்தால்தான் முடியும். அதை நம்பித்தான் ஆக வேண்டும்.

35, 30, 26

பக்கச்சுவரில் இல்லாத எண்ணுக்கு வருவோம். டயரில் பி.எஸ்.ஐ. என்ற காற்றழுத்த அலகைப் போட்டு ஒரு எண் இருக்கும். இந்த டயர்களில் அது 35. அதைப் பார்த்து அந்த அளவுக்குக் காற்றடிக்கச் சொல்பவர்கள் நம் பெட்ரோல் பங்குகளிலும் உண்டு. அந்த எண் சொல்வது வேறு: டயர் தன் முழுச் சுமையைத் தாங்கும் அழுத்தத்தின் உச்ச அளவு. வண்டிக்கு எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதை வண்டி செய்தவர் தீர்மானித்து, ஓட்டுநர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் எழுதுவார். எக்ஸ்புளோரரின் கதவில் இருந்தது 26.

26 ஏன்? எக்ஸ்புளோரர் 1990-இல் வெளிவருவதற்கு முன் நடந்த சோதனைகளில் கூர்மையான திருப்பங்களில் வண்டியின் சக்கரம் தரையை விட்டு எழும்பியதாக ஃபோர்டின் உள் ஆவணங்கள் பின்னர் வழக்குகளில் வெளிவந்தன. சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தைக் கூட்டுவது, வண்டியைத் தாழ்த்துவது என்று வழிகள் இருந்தன. எடுத்தவற்றில் ஒன்று காற்றைக் குறைப்பது. காற்று குறைந்த டயரின் பக்கவாட்டுப் பிடிமானம் குறையும், வண்டி புரளுவதற்குப் பதில் சறுக்கும். 26 பாதுகாப்பானதுதான், சொகுசுக்கும் கையாளுமைக்கும் ஏற்றதுதான் என்றது ஃபோர்டு. அதே டயர் 26-இல் கூடுதலாக நெளியும், கூடுதலாகச் சுடும் என்பதை ஃபயர்ஸ்டோன் 2000-இல் பிடித்துக்கொண்டு, 30 வேண்டும் என்றது. பிறகு ஃபோர்டும் 30-க்கு மாறியது.

ஃபோர்டின் கையிலும் ஒரு வலுவான சீட்டு இருந்தது. 1995 முதல் 1997 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எக்ஸ்புளோரர்கள் குட்இயர் டயரோடு விற்பனையாகின. அதே அளவு, அதே 26. அவற்றில் இந்தப் பிரச்சினை இல்லை, ஆகவே குற்றம் டயரில்தான் என்றது. ஃபயர்ஸ்டோன் பதிலுக்கு ரேஞ்சர் பிக்கப்பைக் காட்டியது: அதே டயர் அந்த வண்டியில் இந்த அளவுக்கு உரியவில்லை, ஆகவே வண்டியைப் பாருங்கள். இரண்டு வாதமும் ஓரளவு உண்மை என்றே எனக்குப் படுகிறது. மாட்டப்பட்டது ஓரத்தில் பலவீனமான ஒரு டயர். மாட்டிய இடம், அதைக் காற்றுக் குறைவாக ஓட்டச் சொன்ன, சறுக்கினால் புரளக்கூடிய ஒரு வண்டி. 2001 மே மாதம் ஃபயர்ஸ்டோன் ஏறத்தாழ நூறாண்டு உறவை முறித்துக்கொள்ள, மறுநாளே மிச்சமிருந்த 1.3 கோடி வில்டர்னெஸ் டயர்களையும் தானே மாற்றுவதாக ஃபோர்டு அறிவித்தது. எக்ஸ்புளோரரை விசாரிக்க வேண்டும் என்ற ஃபயர்ஸ்டோனின் கோரிக்கையை 2002 பிப்ரவரியில் அரசு ஏற்கவில்லை. டிகேட்டர் ஆலையை 2001 இறுதியில் மூடிவிட்டார்கள்.

பிறகு மாறியவை

விவகாரம் சூடாக இருந்தபோதே, 2000 நவம்பரில், டிரெட் சட்டம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சட்டத்தில் கிளின்டன் கையெழுத்திட்டார். வெளிநாட்டில் டயர் மாற்றினாலும் அமெரிக்க அரசுக்குச் சொல்லியாக வேண்டும் என்பது அதில் ஒன்று. பக்கச்சுவர் எழுத்துகளைத் திருத்தும் வேலையும் அதில் இருந்தது. 2002 நவம்பரில் வந்த விதிப்படி, முழு அடையாளத் தொடர் வெளியே தெரியும்படி வடிவமைத்த பக்கத்தில் இருக்க வேண்டும். மறுபக்கத்தில் தேதியில்லாத சுருக்கத் தொடராவது இருக்க வேண்டும். இரண்டு பக்கத்திலும் முழுத் தொடர் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. அதனால் இன்றும் டயரைத் திருப்பி மாட்டினால் தேதி உள்பக்கம் போய்விடும். கடையில் புது டயர் மாட்டும்போதே, தேதி உள்ள பக்கம் எது என்று கேட்டு, திசைக் குறி ஏதும் இல்லாவிட்டால் அதை வெளியே வைக்கச் சொல்லிவிடுவது நல்லது.

காற்றழுத்தத்துக்கும் வழி செய்தார்கள். 2007 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லா இலகுரக வண்டிகளிலும் டயர் அழுத்தக் கண்காணிப்புக் கருவி கட்டாயம். டேஷ்போர்டில் குதிரைலாட வடிவில் ஆச்சரியக்குறியோடு எரியும் மஞ்சள் விளக்கு அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அந்த விளக்கு 35-ஐப் பார்ப்பதில்லை. கதவு ஸ்டிக்கரில் உள்ள எண்ணிலிருந்து 25 சதவீதம் குறைந்தால் எரியும், அல்லது விதியின் அட்டவணையில் உள்ள கீழ்வரம்பைத் தொட்டால் எரியும், இரண்டில் எது அதிகமோ அது. சாதாரணக் கார் டயருக்கு அந்தக் கீழ்வரம்பு 20 பி.எஸ்.ஐ. கதவில் 26 என்று எழுதி ஒட்டிய ஒரு எக்ஸ்புளோரரில் இந்தக் கருவி இருந்திருந்தால், காற்று 20-க்கு இறங்கும்வரை அது வாய் திறந்திருக்காது.